ஜிபார் சொல்லாத பெயர்

ஜிபார் உடைத்த அக்ரூட்டைக் கோழிகூடப் பொறுக்காது. சுத்தியலை ஓங்கினாள் என்றால் ஓடும் பருப்பும் ஒன்றாகப் பொடியாகி நாலு பேர் மடியில் தெறிக்கும். எங்கள் தாஷ்-புலாக் மலைக் கிராமத்தில் பெண்ணாகப் பிறந்த எவளும் அப்படி உடைக்க மாட்டாள். பருப்பின் இரண்டு பாதியும் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி முழுசாக வெளியே வர வேண்டும். முழுசுக்குத்தான் மதிப்பு. நொறுங்கியது பலகாரக்காரனுக்குப் போகும். ஜிபார் உடைத்தது பலகாரக்காரனுக்கும் ஆகாது.

அவள் என் தம்பி கரிம்ஷாக்கின் மருமகள். அவன் மகன் சமாத்தைக் கட்டிக்கொண்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. சமாத்துக்கு ரஷ்யாவில் கட்டட வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் வருவான், கூரையைப் பார்ப்பான், சாப்பிடுவான், போவான். ஜிபார் பக்கத்து நகரமான ஜலாலாபாத்தில் வாத்தியார் படிப்புக்கு இரண்டு வருஷம் போனவள். மூன்றாவது வருஷம் படிப்புக்குப் பதிலாகக் கல்யாணம் வந்தது.

அவள் குரல் எப்படியிருக்கும் என்று பல வருஷம் எனக்கே தெரியாது. மாமனார் முன்னால் மருமகள் தாழ்ந்துதான் பேச வேண்டும். அவர் பெயரை வாயில் எடுக்கவே கூடாது. என் பக்கத்து வீட்டு மாமனார் பெயர் தெமிர், இரும்பு என்று பொருள். அந்த வீட்டு மருமகள் முப்பது வருஷமாக இரும்பு என்ற சொல்லையே சொன்னதில்லை. ஆணியைக்கூடக் 'கறுப்புக் குச்சி' என்பாள். ஜிபாருக்கு அவ்வளவு தொல்லை இல்லை. கரிம்ஷாக் என்ற பெயரில் சட்டியும் இல்லை, ஆணியும் இல்லை. 'ஆமாம்', 'சரி', 'டீ ஆறிடும்' என்ற மூன்றை வைத்துக்கொண்டே அந்த வீட்டில் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவளும் டமிராவின் கொட்டகைக்குக் காய் உடைக்க வந்தாள். அவளைத் தவிர எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்போம். நடுவில் அடுப்பு, அதில் நாங்கள் உடைத்த ஓடே எரியும். மூன்று நாள் பொறுத்தாள் டமிரா. நாலாம் நாள் ஒரு சில்லு அவள் கன்னத்தைக் கீறியது.

"அடியே, சுத்தியலக் கீழ வை! நீ காய உடைக்க வந்தியா, எங்க கண்ண நோண்ட வந்தியா?"

"வேற என்ன செய்யட்டும் அக்கா? வீட்டுக்குப் போகவா?" என்று கேட்டாள் ஜிபார், வழக்கமான அந்தத் தாழ்ந்த குரலில்.

"வாத்தியாருக்குப் படிச்சவதானே? எதாவது படிச்சுக் காட்டு. உடைக்கிற சத்தத்தையே கேட்டுக் கேட்டு எங்களுக்குத் தூக்கம் வருது. சாயங்காலம் ஆளுக்கு ரெண்டு கை பருப்பு உன் கூடையில போட்டுடறோம்."

மறுநாள் அவள் ஒரு புத்தகத்தோடு வந்தாள். தடித்த அட்டை. அட்டையில் வெள்ளைத் தொப்பி வைத்த ஓர் ஆடு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

"இதென்ன, உன் மகளோடதா?" என்றாள் டமிரா.

"இல்ல. என்னோடது. முட்டை வித்த காசுல சந்தையில வாங்கினேன்."

"முப்பத்தி மூணு வயசுல மந்திரக் கதையா? ஆடு டீ குடிக்குது பாரு!"

"ஆடு குடிச்சா உங்களுக்கு ஏன்க்கா தாகம் எடுக்குது?"

இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு வாய் இருக்கிறதா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"மந்திரம் தந்திரமெல்லாம் பாவம்டி," என்று ஒருத்தி முணுமுணுத்தாள். மூன்றாம் நாள் அவள்தான் விடியும் முன்பே வந்து ஜிபாருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள்.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. நகரத்தில் ஒரு மந்திரவாதிக் குடும்பம். ஐந்து மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறார்கள். வீடு நிறைய மந்திரம், ஆனால் ஒருத்தருக்கு ஒருத்தர் ஆகாது. அத்தைக்காரி மழை மேகத்தைப் பிடித்துப் பிழிந்து துணிக்கொடியில் காயப்போடுவாள், கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள். அம்மா மந்திரங்களை ஜாம் பாட்டிலில் அடைத்து மூடி வைத்திருப்பாள். பதினைந்து வயசு மகள் ரொட்டியில் தடவச் சரியான பாட்டிலைத் தேடித் தவறானதைத் திறந்து, மூன்று நாள் தலைகீழாகப் பேசுவாள். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளுக்கு மட்டும் மந்திரம் தெரியாது. பறக்கிற கிண்ணத்தில் டீ ஊற்றச் சொல்வார்கள். அவள் கிண்ணத்தை எட்டிப் பிடித்து, மடியில் அமுக்கி வைத்துக்கொண்டு ஊற்றுவாள். அந்த இடத்தில் நாங்கள் எட்டுப் பேரும் கைதட்டினோம்.

குடும்பத்துக்குத் தலைவர் தாத்தா மந்திரவாதி. மகா பொய்யர். அவர் பொய் சொன்னால் ஆடாகிவிடுவார். அது அவர் தாய் இட்ட சாபம். வீட்டு ஆள் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மன்னித்தேன் என்று சொன்னால்தான் திரும்ப மனுஷனாவார்.

முதல் நாள் அந்தத் தாத்தா வருகிற இடத்தில் ஜிபார் திடீரென்று நின்றாள். தும்மல் வருகிறது என்று நினைத்தோம். பிறகு, "தொப்பிக் கிழவர்," என்று படித்தாள். அது முதல் எங்களுக்கு அவர் தொப்பிக் கிழவர்தான். நம் பக்கம் தொப்பி வைக்காத கிழவர் யார்? யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஜிபார் படிக்கும்போது தெருவில் போகிற குதிரைக்காரன்கூட நின்று கேட்டுவிட்டுப் போவான், அப்படி ஒரு குரல் அவளுக்கு. அத்தைக்கு ஒரு குரல், கீழ்வீட்டுக்காரிக்கு ஒரு குரல், ஆட்டுக்கு மூக்கால் ஒரு குரல். எனக்கு எழுத்து தெரியாது. தம்பி பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று என்னை மலை மேய்ச்சலுக்கு அனுப்பினார்கள். எழுத்து கற்ற தம்பி அதை வைத்து என்ன செய்தான்? மாட்டு டாக்டர் சீட்டைப் படிப்பான். இவள் அதே எழுத்தை வைத்து ஒரு வீட்டையே எங்கள் கண்முன் கட்டி நிறுத்தினாள். அதனால் யார் என்ன சொன்னாலும் நான் இவள் பக்கம்தான். அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

இருபது நாள் நன்றாகப் போயிற்று. பிறகு ஜிபாருக்குக் காய்ச்சல். புத்தகத்தைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். ஒரு நாள் பொறுத்தோம். இரண்டாம் நாள் டமிராவுக்குக் கை அரித்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"நானே படிக்கறேன். நாலு பக்கம் படிச்சா குடியா முழுகிடும்?"

அவள் படிப்பது முள்வேலியில் மாட்டிய ஆடு இழுப்பது மாதிரி இருந்தது. இரண்டு வரி இழுத்தாள். மூன்றாவது வரியில் கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"கரிம்ஷாக் அந்தப் பொய்யைச் சொல்லி முடித்ததும் தாடி நீண்டது, காது தொங்கியது, மே என்று..."

"யாரு?" என்றேன்.

"கரிம்ஷாக். இங்க போட்டிருக்கு. முன்னாடியும் போட்டிருக்கு." பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். "எல்லாப் பக்கத்துலயும் போட்டிருக்கு! அய்யோ, சுயும்கான் அக்கா, நம்ம தொப்பிக் கிழவரு பேரு உங்க தம்பி பேரு!"

இருபது நாளாக அந்தப் பெண் ஒவ்வொரு வரியிலும் தாண்டிக் குதித்திருக்கிறாள். ஓடுகிற ஓடையில் கல் கல்லாகக் கால் வைத்துப் போகிறவள் மாதிரி. ஒரு முறைகூட வழுக்கவில்லை. அதை நினைத்து நான் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. சிரித்தேன். கூடப் பிறந்த தம்பி, ஊர்ப் பெரியவர் சபையில் முதல் ஆள், அவன் ஆடாகிக் காது தொங்கி நிற்கிறான் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தேன். எட்டுப் பேர் சிரித்தால் அந்தச் சிரிப்பு எட்டு வீட்டுக்குப் போகும். எட்டு வீட்டிலும் கணவன்மார் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்த இடத்தில் யாரோ ஒரு கிழவன் கரிம்ஷாக்கின் முதுகுக்குப் பின்னால் "மே" என்றான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது நான் ஜிபாருக்குக் கோழிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தேன். டமிரா பயந்துபோய்ப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அது ஜிபாரின் தலையணைப் பக்கத்தில் கிடந்தது.

"என் பேர ஒரு ஆட்டுக்கு வச்சு ஊர் சிரிக்கப் படிச்சியாமே?" என்றான், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"நான் படிக்கல மாமா."

"பொய்."

"ஒரு தரம்கூட அந்தப் பேர் என் வாயிலேர்ந்து வரல."

"டேய், அவ சொல்றது நெசம்டா," என்றேன் நான். "அவ தொப்பிக் கிழவர்னுதான் படிச்சா. பேரச் சொன்னது டமிரா."

"நீ சும்மாரு அக்கா. நீயும் சிரிச்சியாம்." அவன் ஜிபாரிடம் திரும்பினான். "அத எடுத்து அடுப்புல போடு. இனிமே கொட்டகைக்கும் போக வேணாம்."

ஜிபார் எழுந்தாள். புத்தகத்தை எடுத்தாள். அடுப்பு இரண்டடியில் இருந்தது. அவள் ஆணியில் தொங்கிய குளிர்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்து உள்ளே வைத்து, கீழிருந்து கழுத்துவரை ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். ஏழு பொத்தான். பிறகு சாறுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து குடித்தாள்.

மருமகள்மேல் மாமனார் கை படக் கூடாது. கரிம்ஷாக் நின்றான், நின்றான், கதவில் ஓர் உதை விட்டான். பிறகு போனை எடுத்து மகனைக் கூப்பிட்டான். ரஷ்யாவில் கல் அறுக்கிற சத்தத்துக்கு நடுவில் சமாத் கத்தினான்.

"ஜிபார்! ஒரே ஒரு புஸ்தகம்தானே? அப்பா சொல்றாருல்ல, விட்டுடேன்!"

"ஒரே ஒண்ணுதான் இருக்கு. அதான் விட முடியாது," என்றாள். "ரெண்டு இருந்தா ஒண்ண விட்டிருப்பேன்."

சமாத் நல்ல பையன்தான். பதில் சொல்லத் தெரியாதபோது வேலை இருக்கிறது என்பான். வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஊர் முன்னால் அவளைப் பொய்க்காரி என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைத்து, அன்று சாயங்காலமே கரிம்ஷாக் டமிராவின் வீட்டுக்குப் போய், அவள் புருஷன் முன்னால் தீர்ப்பு மாதிரி சொல்லிவிட்டு வந்தான்: "நாளைக்கு நானே வந்து உக்காந்து கேப்பேன். அவ வாயிலேர்ந்து அந்தப் பேரு ஒரு தரம் வரட்டும், புஸ்தகம் உங்க அடுப்புலதான். அப்புறம் அவ இந்தக் கொட்டகை வாசலையும் மிதிக்க மாட்டா." ஊர்ப் பெரியவர் சொன்னால் டமிராவின் புருஷன் மறுக்க மாட்டான். அவனுக்கு அக்ரூட் காட்டுக் குத்தகை வேண்டும், அதைக் கொடுப்பது பெரியவர் சபை.

நான் ஜிபாரிடம் சொன்னேன்: "நாளைக்கு வேற எதாவது படி. சமையல் குறிப்பு படி. அவன் போனதும் இதப் படிக்கலாம்."

"இல்ல பெரியம்மா. விட்ட எடத்துலேர்ந்து படிப்பேன்."

"விட்ட எடத்துல என்ன வருது?"

"நான் முன்னாடியே பாத்தாச்சு," என்றாள். "அதனாலதான் படிக்கணும்."

மறுநாள் காய்ச்சல் முழுசாக விடவில்லை, கன்னம் சிவந்திருந்தது. கோட்டைக் கழற்றாமலே வந்தாள். கரிம்ஷாக் அவளுக்கு முன்பே வந்து மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான், தொப்பியை நேராக வைத்துக்கொண்டு. ஆண்பிள்ளை வந்து உட்கார்ந்ததால் பெண்கள் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். நான் ஒரு சுத்தியலை எடுத்து அவன் மடியில் போட்டேன்.

"இங்க சும்மா உக்காரக் கூடாது. உடை."

"நான் கேக்க வந்தேன் அக்கா."

"காதால கேளு. கைக்கு என்ன வந்துச்சு?"

அவன் உடைத்தான். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே உடைப்பான். சின்ன வயசில் நாங்கள் சேர்ந்து உடைத்தவர்கள்.

ஜிபார் முதல் பொத்தானிலிருந்து ஏழாவது பொத்தான்வரை கழற்றிப் புத்தகத்தை வெளியே எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

கதையில் நிலைமை இப்படி. அந்த வீட்டு மந்திரத்துக்கெல்லாம் வேர் பாட்டியம்மாவின் ஒரு தையல் விரலுறையில் இருக்கிறது. அந்த விரலுறையைத் தொப்பிக் கிழவர் சந்தையில் சீட்டாடித் தோற்றுவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதற்கு, தெரியாது என்று பொய் சொல்லி, யாரும் பார்க்காமலே ஆடாகிவிட்டார். வீட்டில் எல்லாரும் அந்தப் பொய்யை நம்பி, கிழவரைக் காணோம் என்று தேடுகிறார்கள். பால்கனியில் நிற்கிற ஆடு, மருமகளின் கல்யாண விருந்துக்கு யாரோ அனுப்பியது என்று நினைத்துக் கயிற்றில் கட்டிவிட்டார்கள். சித்தப்பா கத்தி தீட்டுகிறார். புது மருமகளுக்கு மட்டும் சந்தேகம். டீ கொண்டுபோனால் ஆடு மூன்று முறை தொண்டையைச் செருமுகிறது. சர்க்கரை குறைந்தால் முகத்தைத் திருப்புகிறது. "இப்படி முகம் திருப்புகிறவர் இந்த வீட்டில் ஒருவர்தான்," என்று அவள் நினைக்கிறாள்.

இந்த இடத்தில் கரிம்ஷாக் தொண்டையைச் செருமப் போனான். எல்லாரும் பார்த்ததும் விழுங்கிவிட்டான்.

ஒரு பக்கம், இரண்டு பக்கம், ஐந்து பக்கம். தொப்பிக் கிழவர், தொப்பிக் கிழவர், தொப்பிக் கிழவர். குறை சொல்ல ஓர் ஓட்டைகூடக் கிடைக்கவில்லை அவனுக்கு. ஆறாவது பக்கத்தில் பார்க்கிறேன், அவன் சுத்தியல் அந்தரத்தில் நிற்கிறது, வாய் திறந்திருக்கிறது. கேட்க வந்த காரியத்தை மறந்துவிட்டு, ஆட்டுக்காகத் தவித்துக்கொண்டிருந்தான்.

சித்தப்பா ஆட்டின் காலைக் கட்டினார். மற்றவர்கள் எல்லாரும் பெண் வீட்டாரை விருந்துக்கு அழைக்கப் போயிருக்கிறார்கள். பால்கனியில் சித்தப்பாவை விட்டால் மருமகள் ஒருத்திதான். ஆட்டின் கண்ணைப் பார்த்தாள். அது அழுதது. பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், மன்னிக்க வேண்டும். இதை அவள் அறிவாள். ஆனால் அவள் மருமகள். கத்தி கழுத்துக்கு வந்தது. அவள் வாயைத் திறந்தாள்...

ஜிபார் நிறுத்தினாள்.

அடுப்பில் ஓடு வெடித்தது.

"ம்? அப்புறம்?" என்றான் கரிம்ஷாக்.

"அடுத்து வர்றது அந்தப் பேரு மாமா."

"கத்தி எங்க இருக்கு?"

"கழுத்துல."

"அப்ப சொல்லித் தொலையேன்!"

"சொல்ல மாட்டேன்."

"நானே சொல்றேனே. அனுமதி தர்றேன், சொல்லு."

ஜிபார் புத்தகத்தை மடியில் வைத்தாள். விரல் பக்கத்துக்குள்ளேயே இருந்தது. குரல் இப்போது தாழவில்லை.

"பதினோரு வருஷமா சொல்லாதேன்னீங்க, சொல்லல. இங்க இருபது நாள் படிச்சேன், அப்பவும் சொல்லல. அதுக்கு நீங்க என்னப் பொய்க்காரின்னீங்க. நேத்து டமிரா அக்கா வீட்டுல ஒரு தீர்ப்பு வச்சீங்க. இப்ப நான் சொன்னா, அந்தப் பேரு என் வாயிலேர்ந்து ஒரு தரம் வந்ததாயிடும், புஸ்தகம் அடுப்புக்குப் போகும், நான் வீட்டுக்குப் போகணும். சொல்லலன்னா ஆடு சாகும். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க மாமா."

"நான் வேணா சொல்லிடறேனே," என்றாள் டமிரா, தாங்க மாட்டாமல்.

"படிக்கறது நான்," என்றாள் ஜிபார்.

நான் அவன் அக்கா. அவன் பெயரை நான் ஆயிரம் தடவை கத்தியிருக்கிறேன், மலையில் ஆடு தப்பினால் அவன்மேல் பழி போட்டுக் கத்தியிருக்கிறேன். ஒரு சொல்லில் அந்த ஆட்டைக் காப்பாற்றியிருக்கலாம். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது அவள் சண்டை.

கரிம்ஷாக் தொப்பியைக் கழற்றினான், மாட்டினான். எங்கள் எட்டு முகத்தையும் பார்த்தான். ஒருத்தியும் அவனுக்கு உதவி செய்கிற முகமாக இல்லை.

"இங்க பாரு," என்று ஆரம்பித்தான். "அடுப்புல போடணும்னு நான் எப்பச் சொன்னேன்? ஏதோ கோவத்துல... நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"மே," என்றாள் டமிரா.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அமைதியில் அது கூரையில் போய் முட்டியது. ஒருத்தி முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் சொன்னேன்: "தம்பி, பொய் சொன்னா என்ன ஆகும்னு இவ்வளவு நேரம் படிச்சாளே. காதுல விழலியா?"

அவன் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் கொட்டகைப் படிப்பு அதோடு முடிந்திருக்கும். டமிராவின் புருஷன் கொட்டகைக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் எப்படிப் போவான்? கத்தி கழுத்தில் இருக்கிறது.

"சொன்னேன்," என்றான் கடைசியில். "அடுப்புல போடச் சொன்னேன். அது தப்பு. புஸ்தகம் இருக்கட்டும். இங்கயே உக்காந்து படி. போதுமா?"

"பொய்க்காரின்னது?"

"அதுவும் தப்பு."

"டமிரா அக்கா வீட்டுக்காரர் அங்க நிக்கறாரு. அவருக்குக் கேட்டுச்சான்னு தெரியல."

என் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினான். "டேய், இவ இங்க படிப்பா! யாரும் தடுக்க வேணாம்!"

ஜிபார் புத்தகத்தைத் தூக்கினாள். எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பதினோரு வருஷம் அடைத்து வைத்திருந்த பெயர் இப்போது வரப்போகிறது என்று நானும்தான் நினைத்தேன். அவள் வாயைத் திறந்து, வெளியே கட்டியிருந்த குதிரை திடுக்கிட்டுக் கனைக்கும்படி கத்தினாள்:

"தொப்பிக் கிழவரே! நான் உங்களை மன்னித்தேன்!"

"ஏய்!" என்று குதித்தாள் டமிரா. "அசல் பேரச் சொன்னாத்தானே மந்திரம் பலிக்கும்?"

"நான் படிச்சா இந்தப் பேருக்கே பலிக்கும்," என்றாள் ஜிபார், தலையைத் தூக்காமல். பலித்தது. கயிறு அறுந்தது, கொம்பு உதிர்ந்தது, கிழவர் பால்கனியில் குளிரில் உள்ளாடையோடு நின்றார். மருமகள் தன் சால்வையை அவர்மேல் போட்டாள். சித்தப்பா கத்தியோடு மயங்கி விழுந்தார். கிழவர் விழுந்தவரையும் மருமகளையும் ஒரு பார்வை பார்த்து, கம்பீரமாகச் சொன்னார்: "நான் ஆடாகவே ஆகவில்லை." சொன்ன மறுநொடி, சால்வைக்குள்ளிருந்து, மே.

அந்தக் கொட்டகை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கரிம்ஷாக்கும் சிரித்தான். தாடியைத் தடவுகிற மாதிரி வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தான், ஆனால் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். பிறகு எழுந்து போனான்.

மருமகளை அடக்கத் தெரியாதவன் என்று ஊரில் நாலு பேர் அவனைச் சொன்னார்கள். மாமனாரைத் தலைகுனிய வைத்தவள் என்று அவளைச் சொன்னார்கள். வளர்ந்த பெண்கள் ஆட்டுக் கதை கேட்டு நேரத்தைக் கெடுக்கிறோம் என்று எங்களையும் சொன்னார்கள். சொல்கிறவர்கள் ஒரு நாள் வந்து உட்காரட்டும். காலை முதல் சாயங்காலம்வரை, பேச்சில்லாமல், ஒரு மூட்டைக் காயை முழுசு முழுசாக உடைக்கட்டும். பிறகு பேசுவோம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். ஜிபார் அடுப்படியில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கரிம்ஷாக் டீயைக் குடித்தான், கிண்ணத்தைச் சுழற்றினான், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"மறுபடி ஆடாயிட்டாரே அந்தாளு. இப்ப யாரு மன்னிக்கறா?"

"அதை நாளைக்குப் படிப்பேன் மாமா."

"இப்பச் சொன்னா என்ன?"

"கொட்டகையிலதான் படிப்பேன்," என்றாள் ஜிபார். எட்டுப் பேருக்குப் படிக்கிற அதே குரல். தெருவில் போகிறவன் திரும்பிப் பார்த்திருப்பான். "காலையில ஏழு மணிக்கு ஆரம்பிப்போம். அடுப்போரம் எடம் வேணும்னா கொஞ்சம் முன்னாடி வாங்க."